பெயர் ஒன்று, குறிகள் இரண்டு: கோப்புறைகளில் தமிழைத் தேடுதல்



கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி தன் பழைய ஆண்டு மலர்களைத் தொகுக்க முனைகிறது எனக் கொள்வோம். கட்டுரைகள் பல கணினிகளிலிருந்து வந்த கோப்புறைகளில் சிதறிக் கிடக்கின்றன. பெயரில் ‘கோலாலம்பூர்’ என வரும் கோப்புகளையெல்லாம் தேடி, ஓரிடத்திற்குப் படியெடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதுகிறோம். அந்நிரல் சில கோப்புகளைக் கொண்டுவருகிறது; அதே பெயரோடு கண்முன் நிற்கும் வேறு சிலவற்றை விட்டுவிடுகிறது. இஃது ஏன்?

ஒருங்குறியில் ‘கோ’ என்னும் எழுத்தை இருவகையாக அமைக்கலாம். ககரத்தின்பின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒரு வகை. இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொரு வகை. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கோ முதலாவது 11 குறியெண்கள் கொண்ட பெயர். இரண்டாவது 12 குறியெண்கள் கொண்ட வேறொரு பெயர். 1998இல் ஆப்பிள் கணினிகளில் அறிமுகமான கோப்பு முறைமை, பெயர்களை இவ்வாறு பிரித்தே சேமித்தது. கணினி மாறும்போது பெயரின் உள்ளமைப்பும் மாறியிருக்கக்கூடும் என்பதற்கு இஃதொரு சான்று.

இதற்குத் தீர்வு எளிது. ஒருங்குறித் தரமே ‘இயல்பாக்கம்’ என்னும் முறையை வகுத்துள்ளது. பைதான் மொழியில் அதற்கான கருவி உடன் வருகிறது. உட்கோப்புறைகள் அனைத்திலும் புகுந்து செல்லும் நிரல், தேடும் சொல்லையும் கோப்பின் பெயரையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

படியெடுக்கும்போதும் விழிப்பு வேண்டும். இரு கோப்புறைகளில் ‘கட்டுரை’ என்னும் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருப்பின், பைதானின் வழக்கமான படியெடுக்கும் கட்டளை முன்னதன்மீது பின்னதை எழுதிவிடும், எச்சரிக்கையும் தராது. ஒரு மாணவரின் எழுத்து அவ்வாறே அழிந்துபோகலாம். ஆகவே, சேருமிடத்தில் அப்பெயர் உளதா என முதலில் நோக்குக. இருப்பின், மூலக் கோப்புறையின் பெயரையும் சேர்த்துப் புதுப்பெயர் இடுக. மூலத்தை நகர்த்தாது படியே எடுக்க.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கூடிய நகரம் கோலாலம்பூர். அக்காலத்தில் புழங்கிய திஸ்கி முதலிய குறியாக்கங்களில் எழுதிய ஆவணங்கள் இன்னும் எஞ்சியிருக்கலாம். திஸ்கியில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னரே பதிவாகும். ஒருங்குறிக்கு மாற்றாதவரை, அவற்றின் உள்ளடக்கத்தில் எத்தமிழ்ச் சொல்லைத் தேடினும் கிட்டாது. இயல்பாக்கமும் அங்கே உதவாது.

மாணவர்களே, நிரல் ‘இல்லை’ என்று கூறும்போது, ‘நீங்கள் தந்த குறியெண் வரிசை இல்லை’ என்பதே அதன் பொருள். அதனைக் ‘கட்டுரையே இல்லை’ எனக் கொண்டு பழைய கோப்புறையை அழித்துவிட்டால், இழப்பு நம்முடையது. அழிக்கும் முன் மீண்டும் ஒருமுறை, எழுத்தின் உள்ளமைப்பை அறிந்து தேடுங்கள்.