பெண்ணின் முடிவும் உலக நாடுகளின் உறுதிமொழியும்

எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளியில், அல்லது பிள்ளையே வேண்டாமா என்பதை முடிவுசெய்வது யார்? கணவனா, மாமியார் வீடா, மதமா, அரசா, வயிற்றில் சுமக்கும் பெண்ணா? பாலினச் சமத்துவம் குறித்தும் பாலியல், இனப்பெருக்க நலம் குறித்தும் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்பாடுகளின் நடுவில் நிற்பது இந்தக் கேள்விதான். ‘பெண்தான்’ என்ற விடை எழுத்தில் ஏறுவதற்கே அரை நூற்றாண்டு ஆயிற்று. எழுத்தில் ஏறியது மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் வந்து சேரும் வேலை இன்னும் முடியவில்லை.

ஆண், பெண் இருபாலாரின் சம உரிமையில் நம்பிக்கை வைப்பதாக 1945இல் ஐ.நா. சாசனத்தின் முகவுரை அறிவித்தது. மறு ஆண்டே பெண்களின் நிலை பற்றிய ஆணையம் அமைந்தது. எனினும் கருவுறுதலும் பேறும் அன்றைக்கு வீட்டு விவகாரங்களாகவே இருந்தன. 1968இல் தெஹ்ரானில் கூடிய மனித உரிமை மாநாடு, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் சுதந்திரமாகவும் பொறுப்போடும் முடிவுசெய்வது பெற்றோரின் அடிப்படை மனித உரிமை என்று பிரகடனம் செய்தது. வீட்டில் ஒருவர் சொல்தான் செல்லும் என்ற நிலையில் அந்த உரிமை யார் கைக்குப் போகும் என்பதைத் தெஹ்ரான் கேட்கவில்லை.

அதைக் கேட்டது ‘சீடோ’ என்று அழைக்கப்படும் உடன்படிக்கை. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான அந்த உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றது. 1981 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. குடும்பக் கட்டுப்பாடு உள்ளிட்ட மருத்துவ வசதியில் பாகுபாடு கூடாது என்கிறது அதன் 12ஆம் பிரிவு. பிள்ளைகள் பற்றிய முடிவில் ஆணுக்கு உள்ள அதே உரிமை பெண்ணுக்கும் உண்டு, அதற்கான தகவலும் கல்வியும் வழிவகையும் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. இன்று 189 நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை. 1980இல் கையெழுத்திட்ட அமெரிக்கா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இலங்கை 1981இலேயே உறுதிசெய்தது. 1980இல் கையெழுத்திட்ட இந்தியா, 1993இல்தான் உறுதிசெய்தது. அதுவும் விளக்க அறிவிப்புகளோடு. எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரத்திலும் அதன் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு உட்பட்டே 16ஆம் பிரிவின் முதல் உட்பிரிவை நிறைவேற்றுவதாக அது கூறியது. பிள்ளைகள் பற்றிய உரிமை இருப்பதும் அதே உட்பிரிவில்தான். திருமணப் பதிவைக் கட்டாயமாக்குவது இவ்வளவு பெரிய நாட்டில் நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. 2009இல் தமிழ்நாடு எல்லாச் சமயத்தாருக்கும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது.

உரிமைப் பேச்சு இப்படிப் போக, மக்கள்தொகை பற்றிய அச்சம் தனித் தடத்தில் ஓடியது. 1974இல் புக்கரெஸ்ட் மக்கள்தொகை மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்று வாதிட்டவர் இந்தியக் குழுவின் தலைவர் கரண் சிங். அடுத்த ஆண்டு இந்தியாவில் நெருக்கடிநிலை வந்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு, பலருக்கு வற்புறுத்தலால். 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்ததற்கு அந்த வற்புறுத்தலும் ஒரு காரணம். அதற்குப் பிறகு ஆண்களிடம் போக அரசுகள் அஞ்சின. சுமை பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர்கள் செய்துகொண்டது 0.3 விழுக்காடு மட்டும்.

இந்த எண்ணிக்கை மோகத்துக்கு மாற்றுச் சிந்தனை தமிழ் மண்ணில் முன்பே எழுந்திருந்தது. நாட்டின் செல்வம், தாயின் உடல்நலம் என்று மற்றவர்கள் கருத்தடைக்குக் காரணம் சொன்ன 1930இலேயே, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று ‘குடிஅரசு’ ஏட்டில் எழுதினார் பெரியார். உலக மேடை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 1994 செப்டம்பரில், கெய்ரோவில்.

பாகிஸ்தானைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் நஃபீஸ் சாதிக் பொதுச்செயலாளராக இருந்து நடத்திய அந்த மக்கள்தொகை, வளர்ச்சி மாநாட்டில் 179 நாடுகள் ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. இலக்கு வைத்து ஆள் பிடிக்கும் முறை தவறு. பெண்ணுக்குக் கல்வியும், தகவலும், தரமான மருத்துவமும், தானே முடிவெடுக்கும் நிலையும் வந்தால் பிறப்பு விகிதம் தானாகச் சீர்படும் என்பது அதன் சாரம். கடும் இழுபறி கருக்கலைப்பில்தான் நேர்ந்தது. வாடிகனும் பல நாடுகளும் எதிர்த்ததால் ஒரு சமரசம் உருவானது: குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பை ஊக்குவிக்கக் கூடாது, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அது பாதுகாப்பானதாக இருக்க வேண்டும், கலைப்பால் வரும் சிக்கலுக்கு எல்லா நாட்டிலும் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

கெய்ரோவின் அலை இந்தியாவின் துணைச் சுகாதார நிலையம்வரை வந்தது. அதுவரை கிராம சுகாதாரச் செவிலியர் கருத்தடைக்கு ஆண்டுக்கு இத்தனை ‘கேஸ்’ பிடித்துக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டும். 1996 ஏப்ரலில் நடுவண் அரசு நாடு முழுவதும் அந்த இலக்கைக் கைவிட்டது. ஆயினும் பழக்கம் அரசாணையோடு போய்விடவில்லை.

கெய்ரோவுக்கு அடுத்த ஆண்டு பெய்ஜிங். 1995இல் அங்கே கூடிய பெண்கள் மாநாட்டில் 189 நாடுகள் பன்னிரண்டு துறைகளில் செயல்திட்டம் வகுத்தன. வற்புறுத்தலோ வன்முறையோ இன்றித் தன் பாலியல் வாழ்க்கை குறித்து முடிவெடுப்பது பெண்ணின் மனித உரிமை என்றது அதன் 96ஆம் பத்தி. 2000இல் வந்த புத்தாயிரம் இலக்குகள் பேறுகால மரணத்தைக் குறைக்கச் சொன்னாலும் இனப்பெருக்க நலத்தை விட்டுவிட்டன. 2007இல்தான் அது சேர்ந்தது. 2015இன் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் தொடக்கத்திலிருந்தே இரண்டும் உண்டு.

இத்தனை உறுதிமொழிகளுக்கும் பின்னால் போலீஸ் கிடையாது. பிறகு அவை எப்படி வேலை செய்கின்றன? மூன்று வழிகளில்.

முதல் வழி, அறிக்கை. சீடோவை ஏற்ற நாடு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 23 நிபுணர்கள் கொண்ட குழுவிடம் கணக்குக் காட்ட வேண்டும். அரசு மறைப்பதைப் பெண்கள் அமைப்புகள் நிழல் அறிக்கையாகத் தரலாம்.

இரண்டாவது வழி, முறையீடு. 2002 நவம்பரில் பிரேசிலின் ரியோ மாநிலத்தில், ஆறு மாதக் கர்ப்பிணியான 28 வயதுக் கறுப்பினப் பெண் வயிற்று வலியோடு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போனார். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கரு இறந்திருந்தது. நிலைமை மோசமான பின் ஆம்புலன்ஸுக்காக எட்டு மணி நேரம் காத்திருப்பு, பெரிய மருத்துவமனையில் படுக்கை இல்லாமல் நடைபாதையில் கிடத்தல், மரணம். அவருடைய தாய் சீடோ குழுவிடம் முறையிட்டார். தனியார் நிலையம் என்று சொல்லி அரசு தப்ப முடியாது, பெண் என்பதாலும் இனத்தாலும் வறுமையாலும் பாகுபாடு நடந்திருக்கிறது என்று 2011இல் குழு முடிவு சொன்னது. பேறுகால மரணம் ஒன்றுக்குப் பன்னாட்டு ஒப்பந்தக் குழு ஓர் அரசைப் பொறுப்பாக்கியது அதுவே முதல் முறை. இந்த வாசல் திறக்க நாடு தனியாக ஒரு துணை நெறிமுறையை ஏற்க வேண்டும். இலங்கை ஏற்றுவிட்டது, இந்தியா ஏற்கவில்லை.

மூன்றாவது வழி, உள்நாட்டு நீதிமன்றம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாத 1997இல், சீடோவைத் துணைக்கொண்டு விசாகா நெறிமுறைகளை வகுத்தது இந்திய உச்ச நீதிமன்றம். 2013இல் அது சட்டமானது. இனப்பெருக்க நலத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. 2012 ஜனவரியில் பீகாரின் அரரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், ஒரே மருத்துவர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தார். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த பொதுநல வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. இலக்கு போய் இருபது ஆண்டுகள் ஆன பின் வந்த தீர்ப்பு அது.

வழக்குக்கு முன்பே நிர்வாகம் விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு சான்று. பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் ஆய்வுசெய்யும் முறை இங்கே 1990களில் தொடங்கியது. வலி கண்டது எப்போது, வண்டி வந்தது எப்போது, ரத்தம் இருந்ததா, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது என்று ஒவ்வொரு தாமதமும் விசாரிக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாகப் பேறு பார்க்கச் செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். 2018-20இல் ஒரு லட்சம் பேறுகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் அது 54.

எதிர்ப்பும் ஓயவில்லை. கருக்கலைப்புச் சேவையோ ஆலோசனையோ தரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு நிதியை மறுக்கும் அமெரிக்க விதி 1984இல் மெக்ஸிகோ நகரில் அறிவிக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தால் அது நீங்கும். குடியரசுக் கட்சி வந்தால் திரும்பும். 2025இலும் திரும்பியது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான ஒப்பந்தம் துருக்கியின் நகரமான இஸ்தான்புல்லின் பெயரையே தாங்கியிருந்தும், 2021இல் அந்நாடு அதிலிருந்து விலகியது. இதற்கு மாறாக ஆப்பிரிக்க நாடுகள் முன்னே சென்றன. 2003இன் மாபுடோ நெறிமுறை, வன்புணர்வால் உண்டான கரு, தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக ஓர் ஒப்பந்தத்திலேயே முதன்முதலில் எழுதியது.

இன்றைய கணக்கு இது. ஒரு லட்சம் பேறுகளுக்கு 2000இல் 328ஆக இருந்த உலகப் பேறுகால மரண விகிதம் 2023இல் 197ஆகக் குறைந்தது; 2030க்கான இலக்கு 70. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 தாய்மார் இறந்தார்கள். பெண்ணின் முடிவை அளக்க நிலைத்த வளர்ச்சி இலக்குகள் மூன்று கேள்விகளை வைத்திருக்கின்றன: உடலுறவுக்கு மறுப்புச் சொல்ல முடியுமா, கருத்தடையை முடிவுசெய்வது யார், மருத்துவரிடம் போவதை முடிவுசெய்வது யார்? மூன்றிலும் முடிவு தன் கையில் இருப்பதாகச் சொல்பவர்கள், தரவு கிடைத்த நாடுகளில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர். ஒரு காலத்தில் அரசுகள் எண்ணியது அறுவைச் சிகிச்சைகளை. இப்போது எண்ண ஒப்புக்கொண்டிருப்பது பெண்ணின் முடிவை. மீதமுள்ள 44 விழுக்காடுதான் உலக நாடுகள் இன்னும் தீர்க்காத கடன்.