புதிய டாக்டரிடம் தைராய்டு மாத்திரையின் அளவைப் பேசுவது எப்படி?

(பெண்களுக்கான மருத்துவ விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கல்யாணமாகி வேறு ஊர் போனாலும், மகன் வீட்டில் போய்த் தங்கினாலும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊர் மாறினாலும் புதிய டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "100 வேண்டாம், 75 போதும்" என்கிறார். நமக்கோ 100-இல்தான் உடம்பு நன்றாக இருந்தது. ஆனால் அதைச் சொல்வதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, பழைய 100-ஐயே போடுகிறோம். அடுத்த பரிசோதனையைப் பார்க்கும் டாக்டர், 75-க்கே இப்படி என்றால் இன்னும் குறைக்க வேண்டும் என்று 50 எழுதுவார். நாம் மறைத்த ஒரு வார்த்தை அவருடைய கணக்கையே மாற்றிவிடுகிறது.

இந்த மாத்திரை என்ன என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தர வேண்டிய தைராக்சின் என்ற ஹார்மோனைத்தான் நாம் மாத்திரையாகப் போடுகிறோம். "இதில் பன்றியிலிருந்து எடுத்தது இருக்கிறதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். பன்றியின் சுரப்பியை உலர்த்திச் செய்யும் மருந்து சில நாடுகளில் உண்டு. இங்கே டாக்டர்கள் எழுதித் தரும் லெவோதைராக்சின் என்ற ஹார்மோன் ரசாயன முறையில் தயாரிக்கப்படுவது.

சுரப்பி அடியோடு வேலை செய்யாதவருக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடை என்றால் 100-க்குப் பக்கத்தில் வரும். சுரப்பி ஓரளவு வேலை செய்தால் அதைவிடக் குறைவாகப் போதும். வயதானவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்குவார்கள். ஆகவே பக்கத்து வீட்டு மாமியின் அளவு உங்கள் அளவல்ல.

டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. உடம்பில் ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். பெரும்பாலான ஆய்வகங்களில் 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று போட்டிருப்பார்கள். இந்த எல்லைக்குள் உங்கள் உடம்பு எங்கே நன்றாக இருக்கிறது என்பதை டாக்டரிடம் தாராளமாகப் பேசலாம். ஆனால் எல்லையைத் தாண்டிக் கேட்கக் கூடாது. "கூடுதலாகப் போட்டால் எடை குறைகிறது, சுறுசுறுப்பாக இருக்கிறது" என்பது காரணமாகாது. அளவு மிஞ்சினால் படபடப்பு வரும்; இருதயத் துடிப்பு தாறுமாறாகும்; மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பு தேயும்.

புதிய டாக்டரிடம் போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

1. இப்போது உண்மையில் போடும் அளவு, எத்தனை மாதமாக. மாத்திரைக் குப்பியையும் எடுத்துப் போங்கள். ஒரே கம்பெனியில் 25, 50, 75, 88, 100 என்று பல அளவுகள் உண்டு. வாயால் சொல்வதில் தவறு வரலாம்.

2. பழைய ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் அப்போது போட்ட மாத்திரையின் அளவைக் குறியுங்கள்.

3. தைராய்டு பிரச்சினை எப்படி வந்தது. புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்கு டி.எஸ்.எச்.-ஐ வேண்டுமென்றே குறைவாக வைத்திருப்பார்கள். இது தெரியாத டாக்டர் அளவைக் குறைத்துவிடக்கூடும்.

4. வேறு மாத்திரைகள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். முடி உதிர்வுக்குப் போடும் பயோட்டின் சில ஆய்வகங்களில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

5. எப்படிப் போடுகிறீர்கள். மாத்திரையோடு டீ குடிப்பதும், வாரத்தில் சில நாள் மறப்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் தேவையில்லாமல் அளவைக் கூட்டுவார்.

பேசும்போது, "பழைய டாக்டர் இப்படித்தான் கொடுத்தார்" என்று ஆரம்பிக்க வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், 75 போட்டபோது எனக்கு அசதியும் மலச்சிக்கலும் இருந்தன. 100-க்கு மாறிய பிறகு சரியாயின. இப்போது ஏன் குறைக்கிறீர்கள்? குறைத்தால் எப்போது பரிசோதிக்க வேண்டும்? பழைய தொந்தரவு திரும்பினால் மறுபடி வரலாமா?" இது எதிர்த்துப் பேசுவதல்ல; டாக்டருக்குத் தேவையான தகவல். அவர் காரணம் சொன்னால் கேட்டு, சொன்ன அளவை ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள். இந்த ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் நாலு நாளில் முடிவு கட்டாதீர்கள். 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனை சரியாகச் சொல்லும். நடுவில் நெஞ்சு படபடத்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போங்கள்.

நோன்பு வருகிறது என்றால் அதையும் கேளுங்கள். ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடலாம். அல்லது இரவில் கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். மாதம் முழுவதும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, மாமியார்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கர்ப்பம் தரித்ததும் தைராய்டு ஹார்மோனின் தேவை பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் கூடும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். கர்ப்பம் உறுதியான அந்த வாரமே டாக்டரிடம் போய் அளவைக் கேட்க வேண்டும். ஆனால் புது மருமகள் குப்பியைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தால் யாரிடம் சொல்வாள்? யாரோடு போவாள்? "மாத்திரை போடுகிற பெண்ணா?" என்று கேட்கும் வீட்டில்தான் இந்த ஒளிவு மறைவு நடக்கிறது. நீங்களே அவளைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன மாத்திரை, எந்த டாக்டரைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி உங்கள் பேரப்பிள்ளைக்கும் நன்மை.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.