வீட்டு வாடகையும் வண்டிச் செலவும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடும்பத்திற்கேற்ற மூன்றறை வீடொன்றை வாடகைக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை இன்று பார்ப்போம்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த காலத்தில், வேலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போய் வந்தனர். பழைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடும் இருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது கட்டுப்பாடு முடிந்தது. 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. பெரிய வீடு தேடும் குடும்பங்கள் பூச்சோங், ஷா ஆலம், கிள்ளான் பக்கம் திரும்பின.

அங்கே வாடகை குறைவு என்பது மெய்தான். ஆனால் எதைக் கூட்டிப் பார்த்தோம்? மாதம் 600 வெள்ளி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மனைவிக்கு இன்னொரு கார் வேண்டும். அதன் தவணை 450, பெட்ரோல் 150, டோலும் பார்க்கிங்கும் 100. மிச்சம் போய், மேற்கொண்டு நூறு வெள்ளி கைப்பிடித்தமும் ஆயிற்று! கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018இல் டோல் நீங்கியது, நெரிசல் நீங்கவில்லை.

எனவே வீட்டை ஞாயிறு மாலையில் மட்டும் பார்க்காதீர்கள். வேலைநாள் காலை ஏழு மணிக்கு ஒருமுறை அங்கிருந்து புறப்பட்டுப் பாருங்கள். பூச்சோங்குக்கும் சுபாங் ஜெயாவின் உட்பகுதிகளுக்கும் 2016இல் எல்.ஆர்.டி. வந்தது. வரைபடத்தில் நிலையம் அருகில்தான் தெரியும். நடுவே ஆறு தடச் சாலை ஓடினால் அந்த அருகாமையால் என்ன பயன்? நடந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்துமிடம் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

இனி ஒப்பந்தம். வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக மூன்றரை மாதப் பணம் கையில் வேண்டும். ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி கட்டியாக வேண்டும். முத்திரையில்லாத பத்திரம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது. தவணை முடிந்தும் குடியிருப்பவரை நீதிமன்ற நடவடிக்கையின்றி வீட்டுக்காரர் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவதும் அதில் அடங்கும். 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் ஏழாம் பிரிவு இதைச் சொல்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

சாவி வாங்கும் நாளிலேயே சுவர், குழாய், கூரை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. நாங்கள் வருமுன்பே இருந்த ஒரு நீர்க்கறைக்காக வைப்புத்தொகையில் ஒரு மாத வாடகையை இழந்தோம்.

அந்த வீட்டில் மூன்று பெரிய அறைகள் இருந்தன. பதினோராவது மாடி. நாங்கள் வேலைக்குப் போனபின் எங்கள் தாயார் மாலைவரை சன்னலோரத்திலேயே உட்கார்ந்திருப்பார். கடைக்குப் போகவும் கார் வேண்டும். ஓட்ட அவருக்குத் தெரியாது. ‘நல்ல வீடுதான்’ என்பார், வேறு பேசமாட்டார். ஈராண்டு முடிந்ததும் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடக்கும் தூரத்தில் பழைய அடுக்குமாடி ஒன்றுக்கு மாறினோம். வாடகை அதிகம், அறைகள் இரண்டுதான்; பையன்கள் கூடத்தில் படுக்கிறார்கள். தாயார் காலையில் தாமே போய்க் கறிவேப்பிலை வாங்கி வருகிறார்.