பெரட்டுக்கு நேரமாச்சு



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வேலைசெய்யும் நம்மில் பலர், வயதான தாயை லயத்திலிருந்து கூட்டிவந்து வைத்திருக்கிறோம். மறதி நோய் வந்த தாய் விடியுமுன் எழும்பி, "பெரட்டுக்கு நேரமாச்சு, கூடை எங்க?" என்கிறார். "இது கொழும்பு!" என்று அதட்டினால் பயந்து அழுவார். இந்நோயில் அண்மையில் நடந்தவை முதலில் மறையும். பழையவை நெடுநாள் நிற்கும். "இன்னைக்கு எந்த மலைம்மா?" என்று கேட்போம். கங்காணி வெட்டிய றாத்தலையும் சொல்லித் திட்டிச் சிரிப்பார். கதவில் மட்டும் கண் இருக்கட்டும். வெளியே காலி வீதி.

வயசாச்சு என்று விடாமல் டொக்டரிடம் காட்டுவோம். தைரொய்ட் குறைவும் பி12 குறைவும் மறதி தரும்; அவற்றுக்கு மருந்துண்டு.

இரவு விழித்து, பகல் வேலைக்கு ஓடுபவள் மகள்தான். வேலையை விடச் சொல்வதும் அவளைத்தான். ஞாயிறு லீவு அண்ணன் தம்பிக்கும் இருக்கிறதுதானே?