பழைய லென்ஸும் பரந்த பார்வையும்

(நமது சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் உபநிஷத் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி பற்றியும் உயில் எழுதுவது பற்றியும் பேசியிருக்கிறார்கள். இன்று பழைய கேமரா லென்ஸைப் பற்றிப் பேச அடியேனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "போன மாதம் கண் டாக்டர், இந்த மாதம் கேமரா கண்ணாடியா?" என்று வாசலில் ஒரு மாமா கேட்டார். சம்பந்தம் இருக்கிறது மாமா. லென்ஸுக்கும் புரை விழும். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் பார்த்திருக்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியையே அது நம் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி கிடையாது. பார்ப்பதற்குத் தனி ஜன்னல். அதன் நடுவில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் மூடியைக் கழற்றாமலே படம் எடுக்கலாம். என் தம்பி பிள்ளையின் உபநயனத்தில் பிரம்மோபதேசம் முழுவதையும் அடியேன் அப்படித்தான் எடுத்தேன். சரி, மூடியே வேண்டாம் என்றும் இருக்க முடியாது. லைகா, ஜோர்க்கி போன்றவற்றில் ஷட்டர் துணியால் ஆனது. குறுக்கே கண்ணாடி இல்லாததால், கேமராவைச் சூரியனைப் பார்த்து வைத்துவிட்டால் லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து துணியில் ஓட்டை போட்டுவிடும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் இதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? காரணம், வைட் ஆங்கிள் லென்ஸ்.

சாதாரணமான 50 மி.மீ. லென்ஸ் சுமார் 47 டிகிரி கோணத்தைப் பார்க்கும். 35 மி.மீ. சுமார் 63 டிகிரி, 28 மி.மீ. சுமார் 75 டிகிரி, 21 மி.மீ. 90 டிகிரிக்கும் சற்று மேல். எண் குறையக் குறைய, லென்ஸ் ஃபிலிமுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். எஸ்.எல்.ஆரில் அந்த இடத்தில் சாய்ந்த கண்ணாடி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. நிக்கான் எஸ்.எல்.ஆரில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மி.மீ. தூரம். பழைய லைகாவில் 28.8 மி.மீ. மட்டுமே. அதனால் எஸ்.எல்.ஆருக்கு வைட் ஆங்கிள் செய்ய, லென்ஸைத் தள்ளி வைத்தும் வேலை நடக்கும்படி ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது. 1950-ல் பிரான்ஸின் ஆன்ஷெனியூ கம்பெனி வெளியிட்ட 'ரெட்ரோஃபோகஸ்' லென்ஸ் அந்தச் சுற்றுவழிதான். ரேஞ்ச்ஃபைண்டருக்கு அது அவசியமில்லை. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் கண்ணாடிகளை வைத்து, சின்னதாகச் செய்துவிடலாம். அப்படிச் செய்தால் நேர்க்கோடு நேர்க்கோடாகவே விழும். மண்டபத்துத் தூண் படத்தின் ஓரத்தில் வந்தாலும் வில்லாக வளையாது.

கொஞ்சம் சரித்திரம். ஜெர்மனியில் வெட்ஸ்லார் ஊரில் இருந்த லைட்ஸ் கம்பெனி, ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைகாவை 1925-ல் லைப்ஸிக் சந்தையில் வெளியிட்டது. 1930-ல் அதற்கு 35 மி.மீ. எல்மார் வந்தது. 1935-ல் 28 மி.மீ. ஹெக்டார். அதன் அபர்ச்சர் எஃப்/6.3 தான், நல்ல வெயில் வேண்டும். போட்டியாளரான ஸைஸ், 1930-களில் தன் காண்டாக்ஸ் கேமராவுக்கு லுட்விக் பெர்ட்டலே கணக்குப் போட்ட பயோகானைக் கொண்டுவந்தது. 35 மி.மீ., எஃப்/2.8. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை.

யுத்தம் முடிந்ததும், இழப்பீடாகக் காண்டாக்ஸ் செய்யும் இயந்திரங்கள் சோவியத் யூனியனுக்குப் போயின. அதே கேமரா கீவ் நகரத்திலிருந்து 'கீவ்' என்ற பெயரில் வந்தது. பயோகான் அங்கே 'ஜூபிடர்-12' ஆயிற்று. லைகா மரையிலும் அதைச் செய்தார்கள். அசல் ஜெர்மன் லென்ஸ் வாங்க முடியாத என்னைப் போன்றவர்களுக்கு இன்றும் அதுதான் ஆரம்பப் பாடம். ரஷ்யர்கள் வெறுமனே நகல் எடுத்தார்கள் என்றும் நினைக்கக்கூடாது. மிகயீல் ருஸினோவ் வடிவமைத்த 20 மி.மீ. 'ருஸார்' அவர்களுடைய சொந்தச் சரக்கு. ஜப்பானில் கேனனும் நிக்கானும் 1950-களில் வரிசையாக வைட் ஆங்கிள்களைச் செய்தன. கேனனின் 25 மி.மீ. 1956-ல் வந்தது.

பழைய லைகா மரையில் ஒரு சௌகரியம். 1954-ல் வந்த லைகா எம்3 மரையை விட்டுவிட்டு வேறு பொருத்துமுறைக்கு மாறியது. தூரத்தையும் 28.8-லிருந்து 27.8 மி.மீ. ஆக்கினார்கள். வித்தியாசம் சரியாக 1 மி.மீ. அந்தக் கனத்தில் ஒரு வளையம் போட்டால், பாட்டனார் காலத்து லென்ஸ் பேரன் கேமராவில் ஏறிவிடும்.

இனி சொந்த விஷயம்.

என் பெரியப்பா பம்பாயில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் இருந்தார். ஜப்பான் போய் வந்த ஒரு மாலுமி மூலம் கேனன் பி கேமராவும் 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸும் அவருக்குக் கிடைத்தன. 1962-ல் மாதுங்காவில் நடந்த என் அப்பா அம்மா கல்யாணத்தை அவர்தான் எடுத்தார். ஸ்டுடியோவில் 10-க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டினார்கள். 1988-ல் பெரியப்பா காலமானார். கேமராவைத் தோல் உறையோடு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினோம். "பெரியப்பா ஞாபகமாக இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம்" என்று சொன்னவன் அடியேன்தான்.

2006-ல் வீடு மாற்றும்போது பீரோவைத் திறந்தோம். பதினெட்டு மழைக்காலம் பம்பாயில் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸ் எப்படி இருக்கும்? உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலும் இருட்டிலும் பூஞ்சை வளரும். வெகுநாள் விட்டால் அதன் அமிலம் கண்ணாடிப் பூச்சையும் கண்ணாடியையுமே அரித்துவிடும். ரிப்பேர்காரர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். ஆனால் ஒரு இடத்தில் அரித்தது அரித்ததுதான். பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்து நான் செய்த காரியம் அது.

அதே பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் நெகடிவ்கள் இருந்தன. என் பெண் அவற்றை ஸ்கேன் செய்தாள். மாங்கல்ய தாரணப் படத்தில், இடது ஓரத்தில், உக்கிராண அறை வாசற்படியில் ஒரு உருவம். "இது யார் அப்பா?" என்றாள்.

என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். இருபது வயதில் வைதவ்யம். என்னை எடுத்து வளர்த்தவள். அந்தக் கல்யாணத்துக்கு நான்கு நாள் சமையலை முன்னின்று நடத்தியவள். முகூர்த்த வேளையில் அவள் முன்னால் வரக்கூடாது என்று வழக்கம். யாரும் போட்டோவுக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். 1979-ல் அவள் போனபோது கூடத்தில் மாட்ட ஒரு படம்கூட எங்கள் அகத்தில் இல்லை.

ஆல்பத்தில் ஏன் அவள் இல்லை? கணக்கு எளிது. நெகடிவ் 36-க்கு 24 மி.மீ. அதை 8 அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கினால் அகலம் 12 அங்குலம் வரும். காகிதம் 10 அங்குலம்தான். 2 அங்குலம் வெளியே போய்விட்டது. அத்தை அந்த 2 அங்குலத்தில் நின்றிருந்தாள்.

பெரியப்பா வேண்டுமென்றே அவளைச் சேர்த்து எடுத்தாரா என்று என் பெண் கேட்டாள். கேனன் பி கேமராவின் ஜன்னலில் 35 மி.மீ. எல்லைக்கோடு விளிம்போடு விளிம்பாக இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு அது சரியாகத் தெரியாது. பெரியப்பா கண்ணாடி போட்டவர். ஆகவே அவர் பார்க்காமலே இருந்திருக்கலாம். 50 மி.மீ. போட்டிருந்தால் அத்தை நெகடிவிலும் வந்திருக்கமாட்டாள். ஓரத்தில் இருப்பவர்களை வைட் ஆங்கிள் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துவிடும். அத்தையின் ஒல்லி முகம் அதில் சற்று அகன்று, நன்றாகச் சாப்பிட்டவள் மாதிரி இருக்கிறது. மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது ஐந்து வைட் ஆங்கிள்கள் இருக்கின்றன. வாங்க விரும்புகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

முதலாவது, டார்ச் இல்லாமல் லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டுச் சாய்வாகப் பாருங்கள். வலை மாதிரி இருந்தால் பூஞ்சை. மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தால் அதுதான் நான் சொன்ன புரை. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போனால் விளிம்பில் வானவில் நிறம் தெரியும். "புத்தம் புதுசு சார்" என்று ஒரு வியாபாரி சத்தியம் செய்து கொடுத்த 28 மி.மீ. லென்ஸை வீட்டுக்கு வந்துதான் வெளிச்சத்தில் பார்த்தேன். பனிமூட்டம். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. புரை தெரியும்.

இரண்டாவது, பின்பக்கம். ஜூபிடர்-12-ன் பின்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில கேமராக்களுக்குள் அது இடிக்கும். வைக்கும்போதும் கவனம் வேண்டும். இதே காரணத்தால் இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் சில பழைய வைட் ஆங்கிள்கள் தகராறு செய்யும். ஒளி ஓரங்களில் மிகச் சாய்வாக விழுவதால் அங்கே ஊதாச் சிவப்பு படரும். கம்ப்யூட்டரில் கொஞ்சம் சரிசெய்யலாம். ஃபிலிமில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, உபயோகம். 35 மி.மீ. லென்ஸில் அபர்ச்சரை எஃப்/8-ல் வைத்து, தூரத்தை 5 மீட்டரில் நிறுத்தினால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். அப்புறம் ஃபோகஸ் பார்க்கவே வேண்டாம். பழைய லென்ஸ்களில் இதற்கான அளவுகோலை உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். கெட்டிமேளம் கேட்டபின் ஃபோகஸ் தேடுகிறவனுக்குத் தாலி கட்டும் படம் கிடைக்காது.

நான்காவது, பராமரிப்பு. தோல் உறையைத் தனியே வையுங்கள். லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அதைவிட முக்கியம், மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து வேலை கொடுங்கள். வாசிக்காத வீணை என்ன ஆகும் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

பெரியப்பாவின் லென்ஸை இப்போது நான்தான் உபயோகிக்கிறேன். எதிர்வெயிலில் படம் வெளுக்கும். அரித்த இடம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் குடும்பத்துக் கல்யாணங்களுக்கு அதைத்தான் எடுத்துப்போகிறேன். மணமக்களை எடுக்க வீடியோகாரர்கள் இருக்கிறார்கள். நான் பின்னால் நகர்ந்து, கூடம் முழுவதும் வரும்படி எடுக்கிறேன். சமையல் மாமா, சக்கர நாற்காலியில் ஓரமாக விடப்பட்ட பாட்டி, காலணி பார்த்துக்கொள்ளும் பையன், எல்லோரும் வருவார்கள்.

முடிக்கும்முன் ஒரு வேண்டுகோள். நீங்கள் லென்ஸ் வாங்காவிட்டால் பரவாயில்லை. உங்கள் அகத்துப் பரணில் பழைய நெகடிவ்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிரிண்ட் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து ஓரங்களைப் பாருங்கள். அத்தை படம் இன்று எங்கள் கூடத்தில் இருக்கிறது. என் பெண் கல்யாணத்தன்று முதல் நமஸ்காரம் அதற்குத்தான் செய்தாள்.

 லென்ஸ்களை மேஜைமேல் வைத்திருக்கிறேன். தொட்டுப் பார்க்கலாம், கண்ணாடியில் விரல் மட்டும் படாமல்.

நமஸ்காரம்.