கத்திக்கு முந்திய மணித்தியாலங்கள்

(பளையில் நடந்த தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீட்டுக் கூரை என்று வழக்கமாகப் பேசுவோம். இன்று அவசர சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசப்போகிறேன். இதுவும் தொழிற்சங்க விடயம்தான். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

செத்த வீடுகளில் ஒரு கதை கேட்டிருப்பீர்கள்: "ஆள் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனவர், வெட்டின பிறகுதான் முடிஞ்சவர்." இந்தக் கதையால் கத்திக்குப் பயம் வருகிறது. பயத்தால் அடுத்தவர் இன்னும் பிந்திப் போகிறார். ஆனால் பெரும்பாலும் ஆளைக் கொண்டுபோவது கத்திக்கு முன்னம் வீணாய்ப்போன மணித்தியாலங்களும், உடம்பில் ஏற்கனவே இருந்த வருத்தங்களும்தான்.

நாள் குறித்துச் செய்யும் ஒப்பரேசனுக்கு முன்னம் இரத்தம் பார்ப்பார்கள், சீனியைக் கட்டுப்படுத்துவார்கள், வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். அவசர ஒப்பரேசனில் இதற்கெல்லாம் அவகாசம் குறைவு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 58 நாடுகளில் வயிற்றில் அவசர சத்திரசிகிச்சை செய்த 10,745 பேரைக் கணக்கெடுத்தார்கள். 30 நாட்களுக்குள் 100 பேரில் ஐந்து பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நோயாளிகளின் நிலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, வளர்ச்சி குறைந்த நாடுகளில் இறக்கும் ஆபத்து பணக்கார நாடுகளை விட மூன்று மடங்காக இருந்தது. வருத்தம் ஒன்றுதான், அது வந்த இடம்தான் வேறு.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். எங்களில் பலர் இடுப்பு நோவுக்கு வெறும் வயிற்றில் நோக்குளிசை போடுகிறோம். பின்னேரம் சாராயம், இடையில் சுருட்டு. இப்படிப் போனால் வயிற்றுப்புண் ஒருநாள் ஓட்டையாகலாம். ஓட்டை வழியே அமிலமும் சாப்பாடும் கசியும். கிருமி பரவி இரத்தத்தில் ஏறும். பிறகு இரத்த அமுக்கம் விழும், சலம் குறையும், சிறுநீரகம் கெடும். டென்மார்க்கில் இப்படி ஓட்டை விழுந்த 2,668 பேரை ஆராய்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒப்பரேசன் பிந்திய ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் உயிர் தப்பும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைந்தது. வீட்டில் படுத்துக்கிடந்த நேரத்தை அதற்கு மேலே நீங்கள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

என்னிடம் படிக்கும் பிள்ளையொன்றின் தகப்பன் தேங்காய் உரிக்கிறவர். ஒருநாள் விடியற்காலை கத்தியால் குத்தினமாதிரி வயிற்றுநோ. சோடா குடித்தார், ஓமத் தண்ணி குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மறித்து வைப்பார்கள், அடுத்த நாள் உரிப்புக் கூலியும் போய்விடும் என்று படுத்துக்கிடந்தார். மறுநாள் மத்தியானம்தான் கொண்டுபோனார்கள். ஆள் தப்பிவிட்டார். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் வருவதைக் குறைத்துக்கொண்டது.

அடுத்தது உடம்பு. வயது கூடியவர், சீனி வருத்தக்காரர், இருதயம் அல்லது சிறுநீரகம் பழுதானவர், புகையால் நெஞ்சு கெட்டவர், இரத்தச்சோகை உள்ளவர், சத்தில்லாமல் மெலிந்தவர் ஆகியோருக்கு ஆபத்து கூட. வயதைக் குறைக்க முடியாது. மற்றவற்றில் பலதைக் கிளினிக்கில் கட்டுப்படுத்தலாம். இன்று ஒழுங்காகக் குடிக்கும் பிரஷர்க் குளிசையும் சீனிக் குளிசையும், நாளை ஒரு அவசரம் வந்தால் உங்களுக்குத் துணை நிற்கும்.

இந்த அறிகுறிகளுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டாம்:

திடீரென்று வந்து விடாத வயிற்றுநோ. வயிறு பலகை மாதிரி இறுகுதல். சத்தியோடு வயிறு ஊதி, காற்றும் பிரியாமல் இருத்தல். உள்ளே போகாமல் கல்லுமாதிரி நோகும் குடலிறக்கம். சீனி வருத்தக்காரரின் கால் கறுத்துக் காய்ச்சல் வருதல். மரத்தால் விழுந்தவர் எழும்பி நடந்தாலும் நம்பவேண்டாம். மண்ணீரல் வெடித்து உள்ளே இரத்தம் ஓடலாம். தலைச்சுற்று, குளிர்ந்த வியர்வை, இடது தோள்மூட்டு நோ என்றால் உடனே புறப்படுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு வடக்குக்கும் வந்தது. காசு இல்லை. பளையிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை தூரம். வழியில் ஆளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் வண்டியில் இருப்பது ஓட்டோவில் கிடைக்காத உதவி.

போகும்போது கிளினிக் கொப்பியும் குடிக்கிற குளிசைகளும் கையில் இருக்கட்டும். தேத்தண்ணிகூடக் கொடுக்க வேண்டாம். கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், குடித்திருந்தாரா, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறாரா என்று உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகலாம்.

என்ன ஒப்பரேசன், இவருக்கு என்ன ஆபத்து கூட என்று தமிழில் கேளுங்கள். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். "இரண வைத்தியம்" என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் தமிழில் வந்தது. இந்த மண்ணில் தமிழில் கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒப்பரேசன் முடிந்தவுடன் ஆபத்தும் முடிந்துவிடாது. தாதி சொன்னபடி மூச்சை ஆழ இழுக்கவும் எழும்பி நடக்கவும் உற்சாகப்படுத்துங்கள். காய்ச்சல், மூச்சுமுட்டல், சலம் குறைதல், தடுமாறிப் பேசுதல் கண்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

இனிச் சங்கத்தின் வேலை. ஒரு நாள் கூலிக்காக ஒருவர் வயிற்றுநோவோடு படுத்துக்கிடக்கிறார் என்றால் அதை அவருடைய அறியாமை என்று சொல்லி விட்டுவிட முடியாது. ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்க வேண்டியவை:

1. கிளினிக் நாளுக்கும் அவசர வைத்தியத்துக்கும் கூலி வெட்டக்கூடாது.
2. அம்புலன்ஸ் பிந்தினால் இரவிலும் ஒரு வாகனம் கிடைக்க வேண்டும்.
3. சீனி, பிரஷர், இரத்தச்சோகைப் பரிசோதனை தோட்டத்திலேயே ஒழுங்காக நடக்க வேண்டும்.
4. மரம் ஏறுகிறவருக்குப் பாதுகாப்புப் பட்டி கொடுக்க வேண்டும்.

இவற்றைத் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். வீட்டுக்குப் போனதும் கிளினிக் கொப்பிகளை ஒரே பையில் போட்டுக் கதவடியில் கொழுவுங்கள். சுவரில் 1990 என்று பெரிதாக எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த இலக்கம் மனப்பாடமாகட்டும்.