அடுப்பு போடும் கைகள்



மார்கழிக் கடைசியில் இராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால், சில வீட்டு முற்றங்களில் புது மண் அடுப்புகள் நிழலில் காய்ந்துகொண்டிருக்கும். பொங்கலுக்காக அந்தந்த வீட்டுப் பெண்களே போட்டவை. கையில் காசில்லை, அதனால் செய்துகொள்கிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால், அந்த விடை போதாது என்று தெரியும்.

கண்மாயிலிருந்தோ கரையான் புற்றிலிருந்தோ மண் எடுத்துவந்து, கல்லும் வேரும் பொறுக்கிவிட்டு ஊறப்போடுவார்கள். ஊறிய மண்ணில் நறுக்கிய வைக்கோலோ உமியோ சேர்த்து நன்றாக மிதிப்பார்கள். காயும்போது வெடிப்பு விடாமல் இருக்கத்தான் அது. பிறகு வெறுங்கையாலேயே சுவர் எழுப்பி, விறகு வைக்க வாய் விட்டு, மேலே மூன்று குமிழ் வைப்பார்கள். பானை உட்காருவது அந்தக் குமிழ்களின் மேல்தான். குமிழ் கூடுதலாக உயர்ந்துவிட்டால் தீ வெளியே ஓடி வீணாகும். தாழ்ந்துவிட்டால் காற்று போக வழியில்லாமல் புகையும். இதற்கு அளவுகோல் ஏது? வீட்டுச் சோற்றுப்பானையையே ஈர மண்ணின் மேல் வைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, விரலால் அமுக்கிச் சரிசெய்வார்கள். எரிக்கப்போவது சீமைக்கருவேல விறகா, பருத்திமாரா, தென்னை மட்டையா என்று பார்த்து வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். பக்கத்தில் இன்னொரு அடுப்பைச் சேர்த்து, உள்ளுக்குள் துளை விட்டுவிட்டால் கொடியடுப்பு. ஒரே விறகில் இங்கே சோறு வேகும், அங்கே குழம்பு சுண்டும்.

அந்த வீட்டுப் பானையும் விறகும் குனிந்து சமைக்கும் பெண்ணின் உயரமும் அந்த அடுப்புக்குள் இருக்கின்றன. விரிசல் விட்டால் ஒரு கை சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினால் சரியாகிவிடும். ஆளைக் கூப்பிட வேண்டாம், டவுனுக்குப் பஸ் ஏற வேண்டாம்.

1980-களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். அடுப்புப் புகை பெண்களின், குழந்தைகளின் நுரையீரலைக் கெடுக்கிறது. அதில் மறுபேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்த அடுப்புகள் பல வீடுகளில் நிலைக்கவில்லை. சில வீடுகளில் பானை சரியாக உட்காரவில்லை. விறகைச் சின்னச் சின்னதாக வெட்ட வேண்டியிருந்தது. புகைக் குழாயில் கரி அடைத்தால் எடுக்கவோ, உடைந்தால் ஒட்டவோ ஊரில் ஆளில்லை. 2002-ல் மத்திய அரசே அந்தத் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. வாழ்நாளெல்லாம் அடுப்பு போட்ட பெண்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால், இதில் பாதிச் சிக்கலை அவர்களே சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு 2016-ல் உஜ்வலா திட்டம் வந்தது, ஏழை வீடுகளுக்கும் கேஸ் இணைப்பு கிடைத்தது. இங்கே வேறொரு முடிச்சு. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. அதற்கு ஒரே தவணையில் பணம் எடுத்து வைக்க வேண்டும். கூலிவேலை பார்க்கும் வீட்டில் காசு அப்படி மொத்தமாக நிற்பதில்லை. நடவு, களை, அறுப்பு என்று வேலை இருக்கும் நாளில் வரும். வந்த வேகத்தில் மளிகைக்கும் மருந்துக்கும் போய்விடும். விறகையோ அன்றைக்குத் தேவையான அளவு அன்றன்று பொறுக்கிக்கொள்ளலாம். வேலையில்லாத மாதங்களில் அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது நேரம் ஒன்றுதான். அந்த நேரம்தான் அடுப்பாகவும் கிடுகாகவும் நார்க்கட்டிலாகவும் மாறுகிறது. அதனால்தான் கேஸ் வந்த வீட்டிலும் டீ போடுவது கேஸில், வெந்நீர் காய்வதும் நெல் அவிவதும் வெளியே மண் அடுப்பில் என்று நடக்கிறது.

தானே அடுப்பு போட்டுக்கொள்வதைக் கைத்திறன் என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. விறகுக்கட்டைத் தலையில் சுமந்து வெயிலில் நடப்பவளுக்கு அந்தப் பாராட்டு எதற்கு? புகை விடாத, தன் பானைக்குப் பொருந்துகிற, தன் வருமானத்துக்கு எட்டுகிற அடுப்பு கிடைத்தால் அவள் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானே செய்துகொள்வதற்கு முதலில் பொருள் கைக்கு எட்ட வேண்டும். கண்மாயில் மண் அள்ள வழி வேண்டும், புறம்போக்கில் விறகு பொறுக்க இடம் வேண்டும், பெட்டி முடையப் பனை ஓலை வேண்டும். செங்கல் சூளைக்குப் பனைகளை வெட்டிச் சாய்த்த ஊர்களில், ஓலைப்பெட்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடை வந்து உட்கார்ந்துவிட்டது. முடையத் தெரிந்த பாட்டிகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், ஓலைக்குத்தான் பஞ்சம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. சூளைக்குப் போன பனைகளை அது திருப்பித் தராது. நிற்கிற பனைகளையாவது காக்க வேண்டும்.

புதிதாக அடுப்பு வடிவமைக்கும் பொறியாளர்களிடமும் மாணவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒரு கிராமத்துக்குப் போங்கள். அடுப்பு போடத் தெரிந்த ஒரு அம்மாவிடம் அவருடைய சோற்றுப்பானையைக் கேட்டு வாங்குங்கள். அதன் அடியை அளந்துகொள்ளுங்கள். எந்த விறகு, யார் பொறுக்குவது, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். செய்து முடித்ததும் அவர் வீட்டிலேயே ஒரு மழைக்காலம் முழுக்க எரியவிட்டுப் பாருங்கள். ஈர விறகை வைத்து அவர் ஊதும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.